முப்பத்திரண்டாவது நொடியில் அறுந்த அழைப்பு

மதுரை மருத்துவமனையிலிருந்து அதன் கிளைக்கு வீடியோவில் அழைத்தால் 32 நொடி. படம் வரும், குரல் வரும், அந்தப் பக்கம் சிஸ்டர் கை அசைப்பார், இந்தப் பக்கம் டாக்டர் நோயாளியின் பெயரைக் கேட்பார். பதில் வருவதற்குள் அழைப்பு அறுந்துவிடும். மறுபடி அழைத்தால் மறுபடி 32 நொடி. என்னோடு வந்திருந்த தம்பி செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தான். "அண்ணே, ஆறு தடவை போட்டாச்சு. ஆறும் முப்பத்திரண்டுதான்."

லைன் கெட்டிருந்தால் ஒருமுறை பத்து நொடியில் அறும், இன்னொரு முறை நாற்பது நிமிடம் ஓடும். ஒவ்வொரு முறையும் ஒரே நொடியில் அறுகிறது என்றால் எங்கோ ஒரு கடிகாரம் எண்ணிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இது எனக்குப் பிடிபட இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் பெட்டியை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், கம்பெனிக்கு போன் போட்டோம், சாஃப்ட்வேர் அப்டேட் செய்தோம். எதுவும் பலிக்கவில்லை.

வேலை இதுதான். மதுரையில் ஒரு மருத்துவமனை. தேனி மாவட்டத்தில் மலையடிவார ஊர் ஒன்றில் அதற்கு ஒரு சிறிய கிளை. கிளையில் பொது மருத்துவர் இருவர் உண்டு. ஈரல், தோல், நரம்பு போன்றவற்றுக்குச் சிறப்பு மருத்துவர் கிடையாது. ஏலத்தோட்டத்திலும் காபித் தோட்டத்திலும் வேலை பார்ப்பவர்கள் ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி மதுரைக்கு வந்து, டோக்கன் வாங்கி, டாக்டரை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு ஊர் திரும்புவார்கள். அந்த ஐந்து நிமிடத்தை அவர்கள் ஊரிலேயே கொடுக்க முடியுமா என்று நிர்வாகம் கேட்டது. என் அம்மாவையும் ஒரு காலத்தில் இப்படிப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். அதனால் மற்ற வேலைகளைவிட இதில் எனக்குப் பிடிப்பு அதிகம்.

லேப்டாப்பில் ஏதாவது ஒரு செயலியைப் போட்டுவிட்டால் போதாதா என்று பலர் கேட்டார்கள். பேசுவதற்கு மட்டும் என்றால் போதும். ஆனால் டாக்டர் மதுரையில் உட்கார்ந்தபடியே கேமராவைத் திருப்பி, நோயாளியின் கண்ணையோ கால் புண்ணையோ நெருக்கிப் பார்க்க வேண்டும். கையுறை போட்ட சிஸ்டர் மவுஸைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அதனால் இரண்டு பக்கமும் படத்தையும் குரலையும் சுருக்கி அனுப்பும் ஒரு கோடெக் பெட்டி, 12 மடங்கு ஜூம் உள்ள, திரும்பக்கூடிய கேமரா, தனி மைக், 55 அங்குல டிவி என்று முடிவானது. 

பெட்டிகள் வந்ததும் இரண்டையும் மதுரையில் ஒரே மேசையில் வைத்து, ஒரே நெட்வொர்க் ஸ்விட்ச்சில் செருகி, ஒன்றிலிருந்து மற்றொன்றை அழைத்துப் பார்த்தோம். கண்ணாடி மாதிரி படம். ஒரு மணி நேரம் ஓடியது. நிர்வாக அதிகாரி வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். பெட்டி இரண்டும் நல்ல பெட்டி என்பதைத்தான் அந்தச் சோதனை சொன்னது. நடுவில் இருக்கும் எழுபது எண்பது கிலோமீட்டரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் மேசைச் சோதனையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். மிச்ச நேரம் முழுக்க, பெட்டி கடைசியில் எந்தச் சுவரில் எந்தக் கேபிளில் தொங்கப்போகிறதோ அந்த இடத்துக்குத்தான்.

சரி, அந்த 32 நொடிக்கு வருகிறேன். மூன்றாம் நாள் ஒன்றைக் கவனித்தோம். மதுரையிலிருந்து கிளையை அழைத்தால்தான் அறுகிறது. கிளையிலிருந்து மதுரையை அழைத்தால் அழைப்பு அறாமல் நிற்கிறது. ஆனால் மதுரையில் டாக்டர் அழைப்பை வைத்த பிறகும் கிளை டிவியில் அவருடைய கடைசி முகம் அப்படியே உறைந்து நிற்கும். சிஸ்டர் ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் போகும். அப்போதுதான் எனக்கு வெளிச்சம் வந்தது. ஸ்விட்ச்சில் பெட்டி செருகியிருக்கும் துளை, அதாவது போர்ட், வழியாகப் போய்வருவதைப் பிரதி எடுக்கச் சொல்லி, அதைப் படித்துக் காட்டும் வயர்ஷார்க் நிரலை லேப்டாப்பில் போட்டு உட்கார்ந்தோம்.

இந்தப் பெட்டிகள் எஸ்ஐபி என்ற முறையில் பேசுகின்றன. அழைப்பவர் 'வா' என்கிறார். எடுப்பவர் 'சரி, எடுத்துவிட்டேன், என் முகவரி இது' என்று பதில் போடுகிறார். அழைத்தவர் 'உன் பதில் கிடைத்தது' என்று அந்த முகவரிக்கு ஓர் உறுதி அனுப்ப வேண்டும். அந்த உறுதி வராவிட்டால் எடுத்தவர் தன் பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்ப்பார். அரை நொடியை அடிப்படை அளவாகக் கொண்டு, அதைப்போல 64 மடங்கு, அதாவது 32 நொடி பொறுத்துவிட்டு, 'அந்தப் பக்கம் யாரும் இல்லை' என்று முடிவுகட்டி அழைப்பை வைத்துவிடுவார். 2002-இல் வந்த எஸ்ஐபி விதியிலேயே உள்ள கணக்கு இது.

கிளைப் பெட்டி தன் முகவரி என்று அனுப்பியது 192.168 என்று தொடங்கும் உள்முகவரி. அது அந்தக் கட்டடத்துக்குள் மட்டும் செல்லும். மதுரைப் பெட்டி தன் உறுதியை அந்த முகவரிக்கு அனுப்ப, அது எங்கும் போய்ச் சேரவில்லை. அப்படியானால் படமும் குரலும் மட்டும் எப்படி வந்தன? கிளையில் இருந்த ரௌட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு வசதி, வாங்கி வரும்போதே இயக்கத்தில் இருந்தது. தன் வழியே போகும் செய்தியைப் பிரித்துப் பார்த்து முகவரியைத் திருத்தி அனுப்புவது அதன் வேலை. அது படம், குரல் போகும் முகவரியைத் திருத்திவிட்டு, உறுதி வர வேண்டிய முகவரியை அப்படியே விட்டுவிட்டது. பாதி உதவி செய்யும் இந்த வசதியைப் போல ஆளைக் குழப்புவது வேறில்லை. முழுக்கக் கெட்டிருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்போம்.

நீங்கள் இந்த வேலை செய்பவர் என்றால் ரௌட்டர் பக்கத்தைத் திறந்ததும் முதலில் அந்த ஏஎல்ஜி-யை நிறுத்திவிடுங்கள். சில ரௌட்டர்களில் அது வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வால் பக்கத்தில் இருக்கும், சிலவற்றில் உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றும் 'நாட்' பக்கத்தில் ஒளிந்திருக்கும். நிறுத்தியபின் ரௌட்டரை ஒருமுறை அணைத்து எழுப்புங்கள். பழைய இணைப்புகள் நினைவில் இருக்கும் வரை பழைய கோளாறும் இருக்கும்.

அதை நிறுத்தியதோடு நாங்கள் நிற்கவில்லை. வெளியிலிருந்து அழைப்பு உள்ளே வருவதற்கான எண்ணிட்ட வாசல்களை (இவற்றுக்கும் போர்ட் என்றே பெயர்) இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த ஏற்பாட்டையே கலைத்தோம். அதற்குக் காரணம் ஓர் இரவு. ஒன்பது மணிக்கு மேல் கிளை அறையில் யாரும் இல்லாதபோது டிவி தானாக எழுந்து, முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வருவதாகக் காட்டியது. காவலாளி பயந்துபோய் போன் செய்தார். இணையம் முழுக்கத் திறந்த போர்ட்டுகளைத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஓயாமல் ஓடுகின்றன. எஸ்ஐபி-க்கான 5060, இன்னொரு வீடியோ அழைப்பு முறையான எச்.323-க்கான 1720 இரண்டையும் அவை விடுவதில்லை. எங்கள் பெட்டியில் அழைப்பைத் தானாக எடுக்கும் வசதி அணைந்திருந்தது, நல்லவேளை. 2012-இல் ரேபிட்7 என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் எச்.டி. மூர் இப்படித் தேடிப் பார்த்தபோது, தானாக எடுக்கும் வசதியை இயக்கிவிட்டு ஃபயர்வாலுக்கு வெளியே வைக்கப்பட்ட எத்தனையோ கூட்ட அறைகளுக்குள் அவரால் எட்டிப் பார்க்க முடிந்தது. அவற்றில் பல கம்பெனிக் கூட்ட அறைகள். எங்கள் அறையில் நோயாளி சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே இரண்டு ஃபயர்வாலுக்கும் நடுவே, இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை போன்ற விபிஎன் சுரங்கம் போட்டு, இரண்டு பெட்டியும் உள்முகவரியிலேயே நேராகப் பேசும்படி செய்தோம். பெட்டிகளுக்கென்று வெளியிலிருந்து ஒரு போர்ட்டும் திறந்திருக்க வேண்டாம். 32 நொடிப் பிரச்சினையும் அதோடு போனது. கிளைகளில் பிராட்பேண்ட் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. ரௌட்டரில் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், உங்களுக்கென்று தனி வெளிமுகவரி இல்லை. இணையம் தரும் கம்பெனியே ஒரு முகவரியைப் பலருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. அங்கே போர்ட் திறந்தும் பயனில்லை. ஆனால் சுரங்கத்தைக் கிளைப் பக்கத்திலிருந்து தொடங்கினால் அது அறாமல் நிற்கும்.

சுரங்கத்தோடு ஒரு சின்னச் சிக்கலும் வந்தது. கேமரா அசையாமல் இருக்கும்போது படம் நன்றாக இருக்கும். டாக்டர் கேமராவைத் திருப்பியதும் படம் உடையும். படமும் குரலும் பாக்கெட் என்ற சிறு பொதிகளாகத்தான் போகின்றன. சுரங்கம் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேலே ஓர் உறை போடுகிறது. ஏற்கெனவே பிபிபிஓஇ என்ற வகை பிராட்பேண்ட் இணைப்பில் 1500-க்குப் பதில் 1492 பைட்டுதான் போகும். உறையும் சேர்ந்தால் பெரிய பாக்கெட்டுகள் இரண்டாக வெட்டப்படும். ஒரு துண்டு தொலைந்தால் முழுப் பாக்கெட்டும் வீண். கோடெக்கின் எம்டியு-வை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, 1300-க்குக் குறைத்ததும் நிலைமை தேறியது.

முழுக்கச் சரியாகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். உடைவது குறைந்தது, நிற்கவில்லை. டாக்டர் பொறுமையானவர். "தம்பி, பேச்சு போதும்னா நான் போன்லயே பேசிருவேனே. எனக்குப் பாக்கணும்" என்றார். அந்த வார்த்தை மனதில் தைத்தது.

கோளாறு நாங்கள் சந்தேகப்படாத மதுரைப் பக்கத்திலேயே இருந்தது. அந்த அறையில் முன்பு ஒரு பழைய வீடியோ பெட்டி இருந்திருக்கிறது. அப்போது யாரோ ஸ்விட்ச் போர்ட்டை 100 எம்பிபிஎஸ் வேகம், ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு திசையிலும் ஒரே நேரத்தில்) என்று கட்டிப் போட்டிருக்கிறார்கள். பழைய பெட்டிக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். புதிய பெட்டி தானாகப் பேசி வேகத்தை முடிவு செய்யும் வகை. ஒரு பக்கம் கட்டிப் போடப்பட்டிருந்தால் மறுபக்கத்துக்குப் பதில் கிடைக்காது. வேகத்தை மட்டும் கம்பியிலிருந்து கண்டுகொண்டு, டூப்ளெக்ஸை ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வண்டி ஓட்டலாம் என்று நினைக்க, இன்னொருவர் ஒற்றை வழிப் பாலம் என்று நினைத்து நின்று நின்று வருவது போன்றது இது. மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் போட்டால் சுத்தமாக இருக்கும், ஏனென்றால் பிங் சின்னது, எப்போதாவது போவது. வீடியோ இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் நிறைய ஓடும்போதுதான் மோதும்.

இதைக் கண்டுபிடிக்க ஆழ்ந்த அறிவு வேண்டாம். ஸ்விட்ச்சில் அந்த போர்ட்டின் எண்ணிக்கைப் பட்டியலைத் திறந்தால் போதும். ஃபுல் என்று கட்டிய பக்கத்தில் எஃப்சிஎஸ் பிழை, அதாவது சிதைந்து வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டே இருக்கும். ஹாஃப் என்று எடுத்துக்கொண்ட பக்கத்தில் லேட் கொலிஷன், அதாவது தாமதமாக நடந்த மோதல்களின் எண்ணிக்கை, ஏறும். எங்கள் போர்ட்டில் அந்த எண் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடியது. இரண்டு பக்கமும் ஆட்டோ என்று மாற்றினோம். கிகாபிட்டில் இணைப்பு எழுந்தது, படம் உடையாமல் நின்றது. மாற்ற எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. கண்டுபிடிக்க ஒன்பது நாள். அதிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் பெட்டியைச் செருகியதும் முதல் காரியமாக போர்ட் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு, அரை மணி நேர அழைப்புக்குப் பிறகு திறந்து பார்க்கிறேன். ஒரு பிழைகூட ஏறியிருக்கக் கூடாது.

அடுத்து அப்லோட். கிளையில் பிராட்பேண்ட் வேகம் போதும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், ஏனென்றால் வேகச் சோதனையில் பெரிதாகக் கண்ணில் படுவது டவுன்லோட் எண். 1080பி வீடியோவுக்கு ஒவ்வொரு திசையிலும் 2 முதல் 4 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். ஆனால் நோயாளியின் படம் கிளையிலிருந்து மதுரைக்கு ஏறும் திசையில் போகிறது. காலை பத்து மணிக்கு ஓபி கூட்டம் நிரம்பும்போது எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களும் அதே வழியில்தான் மதுரை சர்வருக்கு ஏறுகின்றன. ஒரு நாள் முழுக்க, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, பிங் ஓடவிட்டு எழுதி வைத்தோம். சாதாரண நேரத்தில் 20 மில்லிநொடிக்குள் வந்த பதில், ஸ்கேன் ஏறும்போது 600-ஐத் தாண்டியது. ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் இரண்டு பேர் இயல்பாகப் பேச முடியும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டினால் ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறுவார்கள். மலைக்காட்டுப் பாட்டி ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்ல வரும் நேரத்தில் டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டால் அந்தப் பாட்டி அப்புறம் வாயே திறக்க மாட்டார்.

எந்தப் பாக்கெட்டுக்கு முன்னுரிமை என்று சொல்லும் டிஎஸ்சிபி எண்ணைக் குரலுக்கு 46, படத்துக்கு 34 என்று அடையாளம் குத்தி அனுப்புவது வழக்கம். செய்தோம். ஆனால் வெளி இணையத்தில் அந்த முத்திரையை யாரும் மதிப்பதில்லை. சுரங்கத்துக்குள் போனால் சில வகைச் சுரங்கங்களில் வெளியே தெரியக்கூடச் செய்யாது. பலன் தந்தது வேறு. கிளை ஃபயர்வாலிலேயே அப்லோடுக்கு, உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 90 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தோம். அப்போது வரிசை கட்டி நிற்பது கம்பெனியின் கருவியில் நிற்காது, நம் ஃபயர்வாலில் நிற்கும். நம் வரிசையில் யார் முதலில் போவது என்று நாமே சொல்லலாம். முத்திரை இருப்பவர் முதலில், ஸ்கேன் பின்னால். ஸ்கேன் ஏற இரண்டு நிமிடம் கூடுதலாக ஆனது. அதைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை.

கேபிள் விஷயத்தில் கசப்பான அனுபவம் ஒன்று. கிளை அறையின் ஃபால்ஸ் சீலிங்கில் வைத்த மைக், கேபிள் வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் பிஓஇ வகை. நாளுக்கு இரண்டு மூன்று முறை தானாக அணைந்து எழும். ஸ்விட்ச் கொடுப்பது போர்ட்டுக்கு 15.4 வாட், 802.3ஏஎஃப் விதிப்படி மறுமுனையில் 12.95 வாட் கிடைக்க வேண்டும். கட்டட வேலையின்போதே எலெக்ட்ரீஷியன் இழுத்து வைத்திருந்த கேபிளை நம்பி அதிலேயே மாட்டியிருந்தோம். தம்பி ஒரு முனையை வெட்டிக் கத்தியால் சுரண்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். அலுமினியக் கம்பி மேல் செம்பு பூசியது. செம்பைவிட அதில் தடை மிக அதிகம்; வழியிலேயே மின்சாரத்தைத் தின்றுவிடும். முழுச் செம்பில் கேட்6 வகைக் கேபிள் இழுத்த நாளிலிருந்து மைக் ஒருமுறைகூட அணையவில்லை. 305 மீட்டர் பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் வாங்கும் முன் சுரண்டிப் பாருங்கள். எலி கடிக்கும் ஊராக இருந்தால் சீலிங்குக்குள்ளும் பிவிசி குழாயில் விட்டே கொண்டுபோங்கள். எங்களுக்கு ஒரு கேபிள் அப்படியும் போனது.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கிளையில் ஆய்வகக் கட்டடத்துக்கும் ஓபி கட்டடத்துக்கும் நடுவே அப்படி ஒரு கேபிள் தொங்கியது. சித்திரை மாதத்துக் கோடைமழை இடியில் ஸ்விட்ச்சின் நான்கு போர்ட்டும் அதோடு கோடெக்கின் நெட்வொர்க் போர்ட்டும் ஒரே மாலையில் கருகின. மலையடிவாரத்தில் இடி கொஞ்சம் கூடுதல்தான். இப்போது அங்கே ஃபைபர். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, இரண்டு கட்டடத்து எர்த்திங்கும் வேறுபட்டாலும் கவலை இல்லை. எர்த்திங் என்றதும் நினைவுக்கு வருகிறது: ரேக்குக்கு வரும் பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யாமல் பெட்டியைச் செருகாதீர்கள். அங்கே 14 வோல்ட் காட்டியது.

நெட்வொர்க் அடங்கிய பிறகு அறை தன் வேலையைக் காட்டியது. மதுரை டாக்டருக்குத் தன் குரலே அரை நொடி கழித்துத் திரும்பக் கேட்டது. எல்லோரும் மதுரைப் பெட்டியைத்தான் நோண்டினார்கள். எதிரொலியில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: யாருக்குக் கேட்கிறதோ அவர் பக்கத்தில் கோளாறு இருக்காது, எதிர்ப்பக்கத்தில் இருக்கும். கிளையில் டாக்டரின் குரல் டிவி ஸ்பீக்கரிலிருந்து வந்து, மைக்கில் நுழைந்து, மதுரைக்குத் திரும்புகிறது. கோடெக்கில் அதை அழிக்கும் வசதி உண்டு. ஆனால் டிவியில் யாரோ சரவுண்ட் சவுண்டை இயக்கியிருந்தார்கள். டிவி குரலை உருமாற்றித் தாமதித்து வெளியே விட, தான் அனுப்பிய குரல் இதுதான் என்று கோடெக்கால் அடையாளம் காண முடியவில்லை. டிவியின் ஒலி வசதிகள் எல்லாவற்றையும் அணைத்து, மைக்கை டிவியிலிருந்து தள்ளி நோயாளி இருக்கைக்கு மேலே கொண்டுபோனதும் எதிரொலி போனது.

மதுரையில் இன்னொரு வகைத் தொல்லை. கிரானைட் தரை, கண்ணாடிச் சுவர், வெறும் சீலிங். அங்கே நின்று ஒரு கை தட்டினால் ஓசை 'ட்டாங்' என்று நீளும். எந்த மைக்காலும் இதைத் திருத்த முடியாது. சுவருக்கு ஒலி உறிஞ்சும் பலகை வாங்கப் பணம் ஒதுக்கவில்லை. தரையில் ஒரு பெரிய பவானி ஜமுக்காளத்தை விரித்து, கண்ணாடிக்குக் கனமான திரை போட்டோம். கை தட்டினால் ஓசை உடனே அடங்கியது. நோயாளி உட்காரும் கிளை அறையில் இப்படிச் செய்ய முடியாது. அங்கே தினமும் துடைக்க வேண்டும். அங்கே துவைத்துப் போடக்கூடிய திரைகளோடு நிறுத்திக்கொண்டோம்.

நான் மிகவும் பெரிதாக நினைப்பது இனிச் சொல்லப்போவதைத்தான். முதல் வாரம் ஈரல் சிகிச்சை டாக்டர் ஒருவர் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு மஞ்சள் காமாலையோ என்று சந்தேகப்பட்டார். அருகில் நின்ற கிளை டாக்டர் இல்லை என்றார். அடுத்து வந்தவரும் டிவியில் மஞ்சளாகவே தெரிந்தார். அதற்கடுத்தவரும். டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். "காமாலை இல்லாதவனுக்கு இருக்குன்னு தெரிஞ்சா ஒரு ரத்தப் பரிசோதனையோட போயிரும். இருக்கிறவனுக்கு இல்லைன்னு தெரிஞ்சா?" என்று கேட்டார்.

அறையில் ஒரு விளக்கு வெள்ளை, இன்னொன்று மஞ்சள் கலந்தது. ஜன்னலில் ஆஸ்பத்திரிப் பச்சைத் திரை. வெயில் அதன் வழியாக வந்து சுவரெல்லாம் பச்சை பூசியது. கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யப் பார்த்து, பச்சையை ஈடுகட்டுகிறேன் என்று ஒவ்வொரு நேரமும் ஒவ்வொரு நிறம் காட்டியது. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கான சிஆர்ஐ எண் 90-க்கு மேல் உள்ள ஒரே வகை விளக்குகளை வாங்கி மாட்டினோம். பச்சைத் திரைக்குப் பதில் வெளிச்சம் புகாத வெள்ளைத் திரை. பிறகு நோயாளி உட்காரும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்லி, கேமரா அந்தத் தாள் முழுவதையும் நெருக்கிப் பார்க்கும்படி வைத்து, வெள்ளையின் அளவைக் கையால் பதிந்து பூட்டினோம். மதுரை டிவியிலும் 'பளிச்' என்று காட்டும் நிற அமைப்பை அணைத்தோம். டாக்டர் பார்ப்பது அந்தத் திரையைத்தானே.

கேமராவின் உயரமும் இப்படித்தான். எங்கள் வழக்கப்படி மதுரையில் அதை டிவிக்கு மேலே மாட்டியிருந்தோம். டாக்டர் டிவியில் தெரியும் நோயாளியைப் பார்த்துப் பேசும்போது கேமராவுக்கு அவர் கீழே பார்ப்பது போலத் தெரியும். போடி பக்கத்துப் பாட்டி ஒருவர் சிஸ்டரிடம், "அந்த டாக்டரு என் மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்குறாரும்மா" என்றாராம். சிஸ்டர் அதை என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. மதுரையில் கேமராவை டிவிக்குக் கீழே, உட்கார்ந்தவரின் கண் உயரத்துக்கு இறக்கி, நோயாளியின் முகம் திரையின் கீழ்ப்பாதியில் கேமராவை ஒட்டித் தெரியும்படி அமைத்தோம். அடுத்த மாதம் அதே பாட்டி வந்தபோது டாக்டரிடம் தன் மருமகளைப் பற்றியும் பேசினார் என்று சிஸ்டர் சொன்னார்.

இரண்டு ஆண்டு கழித்து நிர்வாகம் டீம்ஸ், ஜூம் போன்ற கிளவுட் வழிக் கூட்டங்களும் அதே அறையில் வேண்டும் என்றது. அப்போது ஃபயர்வாலில், படமும் குரலும் தாமதமில்லாமல் போக உதவும் யுடிபி வழி மூடியிருந்தது. டீம்ஸுக்கு யுடிபி 3478 முதல் 3481 வரை, ஜூமுக்கு 8801 முதல் 8810 வரை வெளியே போக விட வேண்டும். மூடியிருந்தாலும் இவை இணையப் பக்கங்கள் போகும் டிசிபி 443 வழியாக எப்படியோ இணைந்துவிடும். இணைந்துவிடுவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 'இணையம் சுமார்' என்று பழகிக்கொள்வார்கள். அப்படிப் பழகிப்போன அறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கேயெல்லாம் இந்த ஒரு விதியைச் சேர்த்ததும் படம் தெளிந்தது.

சாலை வேலைக்கு ஜேசிபி தோண்டி ஃபைபர் அறுவது அந்தப் பக்கம் அடிக்கடி நடக்கும். அதற்காக 4ஜி சிம் உள்ள இரண்டாவது வழியும் வைத்தோம். அதில் போகும்போது படம் 720பி-க்கு இறங்கிவிடும்படி அமைத்தோம். குரல் அறாமல் இருப்பது முக்கியம்.

ஒப்படைக்கும் நாளில் தடித்த கையேட்டை யாரிடமும் கொடுக்கவில்லை. லேமினேட் செய்த ஒரே ஒரு தாள். ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினால் மதுரை வரும், குரல் கேட்காவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது, என் எண். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே எண் ஒட்டினோம். பெட்டிகளின் முகவரி, போர்ட் எண், கடவுச்சொல் இருக்கும் உறை நிர்வாக அதிகாரியின் அலமாரியில்.

சிஸ்டர் ஒரு பழக்கத்தைத் தானாகவே ஏற்படுத்திக்கொண்டார். ஓபி தொடங்கும் முன் காலை எட்டரைக்கு மதுரையிலிருந்து ஒரு சோதனை அழைப்பு போடச் சொல்வார். எடுத்ததும் ஒரு வெள்ளைத் தாளைக் கேமரா முன் பிடிப்பார். மதுரையில் இருப்பவர் "வெள்ளையா இருக்கு சிஸ்டர்" என்று சொன்ன பிறகும் வைக்க மாட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாற்பது நொடி பேசிவிட்டுத்தான் வைப்பார்.